ஒரு காகிதத்துக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷம்

ஈரோட்டில் ஜவுளி மொத்தக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர் வியாபாரத்தில் சரக்கு முந்தும், பணம் பிந்தும். லுங்கியும் துண்டும் பெட்ஷீட்டும் பேல் பேலாக வடக்கே போய் இறங்கும். வசூலுக்கு அறுபது நாள் ஆகலாம், தொண்ணூறும் ஆகலாம். அதுவரை முதலாளி கையில் இருப்பது தேதி போட்ட ஒரு செக். அந்தக் காகிதத்தை நம்பி நூல் வாங்குகிறோம், தறிக்காரருக்குக் கூலி கொடுக்கிறோம். அதற்குப் பலம் கொடுக்கும் சட்டம் எப்படி வந்தது என்பது ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

மாற்றுமுறை ஆவணச் சட்டம் என்பது அதன் பெயர். கோர்ட்டில் என்.ஐ. ஆக்ட் என்றால்தான் புரியும். முதல் வரைவு 1866இல் தயாரானது. அடுத்த வருஷம் சபைக்கு வந்தபோது வணிகர்கள் எதிர்த்தார்கள்: இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து பல இடங்களில் விலகிப் போகிறது என்பது அவர்கள் குறை. 1877இல் திருத்தி எழுதினார்கள். 1880இல் புதிய கமிஷன் ஒன்றின் பார்வைக்குப் போனது. 1881இல் நிறைவேறி, 1882 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதன் முதல் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. இந்நாட்டு மொழிகளில் எழுதிய ஆவணங்களைப் பற்றிய உள்ளூர் வழக்கத்தை இந்தச் சட்டம் தொடாது. அதாவது வியாபாரிகள் எழுதிக் கொடுத்த பணச் சீட்டான உண்டியலைத் தொடாது. நகரத்தார் ரங்கூனிலும் சைகோனிலும் தொழில் நடத்தி, உண்டியல் எழுதிக் கடல் கடந்து பணம் நகர்த்திய காலம் அது. காட்டியதும் பணம் எண்ணிக் கொடுக்க வேண்டியது தரிசன உண்டியல். நாள் குறித்துக் கொடுப்பது தவணை உண்டியல். உண்டியலை மறுத்தவன் பேர் கெட்டுப்போகும் என்ற பயமே பெரிய காவல். அந்த வழக்கத்தைக் கலைக்காமல் விட்ட அந்தச் சில வரிகளை, மொத்தச் சட்டத்திலும் விவேகமானவை என்பேன்.

பேருக்குப் பயப்படாத, முகம் தெரியாத ஆட்களோடு வியாபாரம் பெருகியபோது செக் வந்து உட்கார்ந்தது. அப்போது செக் திரும்பினால் சிவில் வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. ஏமாற்றும் எண்ணத்தை நிரூபித்தால்தான் மோசடிக்கான 420ஆம் பிரிவு நின்றது. 1988இல் சட்டத்தைத் திருத்தி, 138ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். 1989 ஏப்ரல் 1 முதல், பணம் இல்லாமல் செக் திரும்புவது குற்றமானது: ஒரு வருஷம் வரை சிறை, செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதம். 2002 திருத்தத்தில் சிறை இரண்டு வருஷமானது. செக்கின் மின்னணுப் படமும் செக்காகவே ஏற்கப்பட்டது. சென்னையில் 2011 செப்டம்பரில் அந்த முறை வந்தபின், கிளியரிங்குக்குப் படம்தான் போகிறது, காகிதம் போவதில்லை.

பிறகு வந்தது 2014 ஆகஸ்ட். செக் கொடுத்தவரின் பேங்க் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் வழக்கு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உள்ளூர்க் கோர்ட்டில் போட்டு, சாட்சி விசாரணைக் கட்டத்துக்கு வராத வழக்குகள் திரும்பி வந்தன. நான் கணக்கு எழுதும் ஒரு கடையில் அந்தக் கட்டுகளைப் பிரித்து மேஜையில் பரப்பினோம். ஒவ்வொரு செக்கோடும் பேங்க் கொடுத்த ரிட்டர்ன் மெமோ: உள்ளங்கை அகலச் சீட்டு, ‘பணம் போதவில்லை’ என்ற இடத்தில் ஒரு டிக், ஓரத்தில் தேதி முத்திரை. டில்லி, சூரத், லூதியானா என்று ஊர்வாரியாக அடுக்கினோம். எழுபதாயிரம் ரூபாய் செக்குக்காக டில்லியில் வக்கீல் வைத்து, வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏறினால் கையில் என்ன மிஞ்சும்? முதலாளி பாதிக் கட்டை அப்படியே கட்டி மேலே வைக்கச் சொல்லிவிட்டார். கடன்பட்டவனுக்குத் தூரமே பாதுகாப்பாகிப்போனது. அந்தத் தீர்ப்பு சிறு வியாபாரியை நினைக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. 2015 ஜூனில் அவசரச் சட்டம், டிசம்பரில் திருத்தச் சட்டம். செக்கை நம் கணக்கில் போட்டால், நம் பேங்க் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்கு. 2020இல் 138ஐக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று மத்திய நிதி அமைச்சகம் கருத்துக் கேட்டபோதும் வியாபாரிகள் கூடாதென்றார்கள்; அந்த யோசனை சட்டமாகவில்லை. செக் இல்லாத கடனுக்கும் வழி உண்டு: கணக்கிலிருந்து மாதாமாதம் தானாக எடுக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினால், 2007ஆம் வருஷத்துச் சட்டப்படி அதுவும் குற்றம்தான்.

ஆனால் நீதிமன்றங்கள் நிரம்பி வழிகின்றன. 2019 முடிவில் 35 லட்சத்துக்கு மேல் செக் வழக்குகள் தேங்கிக் கிடந்ததை உச்ச நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. அடுத்த திருத்தம் எழுதுகிறவர்கள் ஈரோடு, திருப்பூர், சிவகாசிக் கடைகளில் ஒரு நாள் உட்கார்ந்து இந்தக் கட்டுகளைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

அதுவரை வியாபாரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். செக் திரும்பினால், ‘அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன்’ என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் அவருக்கு 15 நாள். அப்போதும் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். மெமோ கைக்கு வந்த தேதியை அன்றே நோட்டில் எழுதி வையுங்கள்.