அம்மாவா, சின்னம்மாவா? நொதியம் சொன்ன சாட்சி



டி.என்.ஏ பரிசோதனை என்றதும் கொலை வழக்குகள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அது முதன்முதலில் பயன்பட்டது ஒரு குடிவரவு வழக்கில். பிறப்புப் பதிவுகள் தொலைந்த ஊர்களிலிருந்து வந்த எங்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது.

1984 செப்டெம்பர் 10, திங்கட்கிழமை காலை. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரிஸ் என்ற விஞ்ஞானி ஓர் எக்ஸ்ரே படத்தைக் கழுவி எடுத்தார். அவரது ஆய்வுகூட உதவியாளரின் டி.என்.ஏயும், அவரின் தாய் தந்தையரின் டி.என்.ஏயும் அதில் வரிவரியாகத் தெரிந்தன. மகளின் வரிகளில் ஒரு பங்கு தாயிடம் இருந்தது, மற்றது தந்தையிடம்.

இந்த வரிகளை உண்டாக்குவது ஒரு நொதியம். தம்மைத் தாக்கும் வைரசுகளை வெட்டுவதற்குப் பக்டீரியாக்கள் வைத்திருக்கும் கத்தரிக்கோல் என்று சொல்லலாம். கண்ட இடத்தில் வெட்டாது. ஜெப்ரிஸ் பயன்படுத்திய நொதியம் ஜி, ஏ, பிறகு ஏதாவது ஓர் எழுத்து, ரி, சி என்ற ஒழுங்கைக் கண்டால் மட்டுமே வெட்டும். இரு வெட்டுகளுக்கு இடையில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் துண்டுகளின் நீளமும் வேறுபடும். மின்சாரம் பாயும் ஜெல்லில் சிறிய துண்டு முந்தி ஓடும், பெரியது பிந்தும். தேடும் வரிசையோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கத் துண்டு ஒன்றைச் சேர்த்தால் அவை படத்தில் கறுப்பு வரிகளாக விழும். (கடல்நாயின் இறைச்சியில் ஒரு மரபணுவைத் தேடப்போய்த்தான் ஜெப்ரிஸ் இந்த வழிக்கு வந்தார்!)

செய்தியைப் பத்திரிகையில் பார்த்த லண்டன் சட்டத்தரணி ஒருவர் 1985இல் அவருக்குக் கடிதம் எழுதினார். பிரித்தானியாவில் பிறந்த ஒரு சிறுவன் கானாவுக்குப் போய்த் திரும்பி வந்தபோது, ஆள்மாறாட்டம் என்று அதிகாரிகள் சந்தேகித்தனர். சாதாரண இரத்தப் பரிசோதனை அவன் உறவுக்காரன் என்றது. ஆனால் அந்தப் பெண் அவனுக்குத் தாயா, தாயின் சகோதரியா என்று அதனால் சொல்ல முடியவில்லை. எங்கள் வழக்கில் சின்னம்மாவும் அம்மாதான். குடிவரவுச் சட்டத்துக்கு அது விளங்காது.

தந்தையின் இரத்தம் கிடைக்கவில்லை. ஆகவே தாயினதும் மூன்று சகோதரங்களினதும் இரத்தத்தை எடுத்தார்கள். சிறுவனின் வரிகள் அனைத்துக்கும் அவர்களிடம் சோடி இருந்தது. உள்துறை அமைச்சு வழக்கைக் கைவிட்டது. முடிவைக் கேட்ட தாயின் முகத்தை ஜெப்ரிஸ் பின்னர் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1983இல் கரி மல்லிஸ் கண்ட பி.சி.ஆர் முறையும் ஒரு நொதியத்தின் வேலையே. அது டி.என்.ஏயைப் பல கோடி மடங்கு பிரதியெடுப்பதால் இன்று கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தாலே போதும்.

ஆனால் தாய்க்குத் துணைநின்ற இதே சோதனை பிறகு சுமையாகவும் மாறியது. சில விண்ணப்பதாரரிடம் டி.என்.ஏ கட்டாயம் என்று கேட்டது தவறு, அதற்குச் சட்ட அதிகாரம் இல்லை என்று 2018 ஒக்டோபரில் அப்போதைய உள்துறை அமைச்சர் சஜித் ஜாவிட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அப்படிக் கேட்கப்பட்டவர்களில் பிரித்தானியப் படையில் பணிபுரிந்த கூர்க்காக்களின் பிள்ளைகளும் இருந்தார்கள்.