பழுப்பு விழாத இடம்

உயர்தர உயிரியலில் பிறபொருளெதிரியை நாங்கள் கிருமியோடு சண்டை பிடிக்கிற ஆளாகத்தான் பாடமாக்கினோம். ஆய்கூடத்தில் அதுக்கு வேறொரு வேலை இருக்கிறது: ஒளிந்திருக்கும் புரதத்தைக் காட்டிக்கொடுப்பது.

1984இல் பிலடெல்பியாவில் சுஜிமோட்டோ, குரோச்சே குழுவினர் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயை ஆராய்ந்தார்கள். 14ஆம், 18ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாறி ஒட்டியிருந்த இடத்தில் ஒரு பரம்பரையலகு அகப்பட்டது. பெயர் பிசிஎல்-2. புற்றுநோய்ப் பரம்பரையலகு என்றால் கலத்தைப் பெருக வைக்கும் என்பதே அக்கால நம்பிக்கை. 1988இல் மெல்பேர்னில் ஆய்வு மாணவர் டேவிட் வோக்ஸ், சூசன் கோரி, ஜெரி அடம்ஸ் ஆகியோர் கலங்களுக்கு வளர்ச்சிக் காரணியை நிறுத்திப் பார்த்தார்கள். பிசிஎல்-2 இருந்த கலங்கள் பெருகவில்லை, சாகவுமில்லை. சும்மா உயிரோடு கிடந்தன. சாவைத் தடுப்பதும் புற்றுநோய்க்கு வழிதான் என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்தப் புரதத்தைக் கண்ணால் பார்க்க வேணுமே! 1990இல் ஒக்ஸ்போர்டில் பெசெல்லா, மேசன் குழுவினர் அதுக்கான ஒற்றைவகைப் பிறபொருளெதிரியை வெளியிட்டார்கள். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்த முறைதான். புரதத்தின் ஒரு சின்னத் துண்டைச் செயற்கையாகச் செய்து, அதை அடையாளம் காணும்படி உருவாக்கினார்கள். இழையத்தில் புரதம் இருந்தால் பழுப்பு நிறம் விழும்.

நிறமூர்த்த மாற்றத்தை இதால் கண்டுபிடிக்கலாம் எண்டு எதிர்பார்த்தால், ஏமாற்றம். அந்த மாற்றமே இல்லாத புற்றுநோய்களிலும், சாதாரண ரி கலங்களிலும்கூடப் பழுப்பு விழுந்தது. ஆனால் நலமான நிணநீர்க்கணுவின் முளைமையம் மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே தகுதியில்லாத பி கலங்கள் சாக வேண்டும், அதனால் காப்பாற்றும் புரதம் இல்லை. தொற்றால் வீங்கிய கணுவா, புற்றுநோயா என்று தடுமாறும் நோயியலாளருக்கு அந்த வெறுமைதான் பெரிய உதவியாயிற்று.

எங்களைக் கொஞ்சம் பயப்படுத்தியது பிறகு நடந்த கதை. சில நோயாளிகளின் புற்றுக் கலங்களில், இந்தப் பிறபொருளெதிரி பிடிக்கிற அதே சின்னத் துண்டு விகாரத்தால் மாறியிருந்தது. புரதம் நிறைய இருக்கிறது, பழுப்பு இல்லை. பக்கத்திலுள்ள சாதாரண ரி கலங்களில் நிறம் ஒழுங்காக விழுவதால் சோதனை பிழைத்ததென்றும் சந்தேகம் வராது. புரதத்தின் வேறொரு பகுதியைப் பிடிக்கும் ஈ17 போன்ற பிறபொருளெதிரிகளை வைத்துப் பார்த்தபோதே, வெறுமையாகத் தெரிந்த அதே கணுக்கள் பழுப்பாயின.