சிரிக்க வைத்த படம், சிறைக்கு அனுப்பிய படம்



எழுத்துத் தெரியாதவரிடம் பத்திரிகையைக் கொடுத்தால் என்ன பயன்? பொட்டலம் கட்டத்தான் ஆகும் என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்! அதில் ஒரு கேலிச்சித்திரம் இருந்தால்? அவரும் பார்ப்பார், சிரிப்பார். "அட, இது நம்ம கதையாச்சே!" என்று யோசிப்பார். ஆளுவோர் அஞ்சுவது அந்த யோசனைக்குத்தான்.

அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளின் 1754ஆம் ஆண்டிலேயே இதை உணர்ந்தார். எட்டுத் துண்டாக வெட்டுண்ட பாம்பின் படத்தைத் தம் பத்திரிகையில் அச்சிட்டார். 'சேருங்கள், இல்லையேல் சாவீர்கள்' என்பது அதன் பொருள். பிரிந்து கிடந்த குடியேற்ற நாடுகளுக்கு அந்தப் பாம்பே பாடம் சொன்னது. பின்னாளில் ஆங்கில அரசை எதிர்த்தவர்களும் அதே பாம்பைக் கையில் எடுத்தார்கள்.

நம் தமிழில் இந்தத் துணிச்சலைக் காட்டியவர் யார் தெரியுமா? மகாகவி பாரதியார்தான்! 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அரசியல் கேலிச்சித்திரங்கள் வெளிவந்தன. தமிழ்ப் பத்திரிகை உலகில் இதில் முன்னோடி அவரே. பழமொழியும் புராணமும் நாட்டுக் கதையும் அந்தப் படங்களில் புகுந்தன. அந்நிய ஆட்சி மட்டுமா அடி வாங்கியது? கெஞ்சிக் கேட்டே சுதந்திரம் வாங்கிடலாம் என்றிருந்த நம் மிதவாதத் தலைவர்களும் தப்பவில்லை!

சிரிப்புக்கு விலை இருந்தது. 1908இல், ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் இராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து இதழைத் தொடர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையாதபடி அரசு வழியடைத்தது. வாசகரை எட்ட முடியாமல் 1910இல் 'இந்தியா' நின்றது.

நம் சிங்கப்பூரிலும் தமிழ் அச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1887இலேயே 'சிங்கை நேசன்' வெளிவந்தது. 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். சிராங்கூன் சாலைக் கடையில் பத்திரிகை வாங்கினால், கேலிச்சித்திரத்தைச் சும்மா புரட்டிவிடாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? எதுக்காகச் சிரிக்கிறோம்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கத்தானே ஒருவர் சிறை சென்றார், ஒருவர் ஊர்விட்டு ஊர் போனார்!