கடாரம் முதல் சம்பா வரை: 4,200 வெள்ளியில் 26 நாள் பண்பாட்டுப் பயணம்

மலேசியத் தமிழர்களில் பலருக்கு வெளிநாட்டுப் பயணம் என்றால் சென்னைக்குச் செல்லும் விமானமும் தமிழகக் கோயில் சுற்றுலாவும்தான் நினைவுக்கு வரும். ஆனால், சோழர் கல்வெட்டுகள் பெயர் சொல்லும் கடாரம் நம் கெடா மாநிலத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து வடக்கே நடந்தால் தாய்லாந்து. அதற்கு அப்பால் லாவோஸ், கம்போடியா, வியட்நாம். சிவனுக்கும் திருமாலுக்கும் எழுப்பிய பழங்கோயில்கள் இவ்வழி நெடுக உள்ளன. இவற்றைப் பார்க்கப் பெரும் பணம் வேண்டும் என்று பலரும் தயங்குகின்றனர். வழியைச் சரியாக வகுத்துக்கொண்டால், ஏறக்குறைய நான்கு வாரப் பயணத்தை ஒருவருக்கு 4,200 வெள்ளியில் முடிக்க முடியும்.

செலவைத் தீர்மானிப்பது வழிதான்

குறைந்த செலவுப் பயணம் என்றதும் மலிவான அறை, மலிவான சாப்பாடு என்றே பலரும் கணக்குப் போடுகின்றனர். உண்மையில் பணம் கரைவது போன வழியே திரும்பி வருவதிலும் ஊருக்கு ஊர் விமானம் ஏறுவதிலும்தான். ஆகவே பயணம் ஒரே திசையில் செல்ல வேண்டும். ரயிலிலும் பேருந்திலும் போய், கடைசி ஊரிலிருந்து ஒரே ஒரு முறை விமானம் ஏறி வீடு திரும்ப வேண்டும்.

இரண்டாவது, ஆள் கணக்கு. நால்வர் கொண்ட குழுவே சிக்கனத்துக்கு ஏற்றது. இருவருக்கு ஓர் அறை என இரண்டு அறைகள் போதும். அங்கோரில் துக்துக் வண்டிக்கு ஆள் கணக்கில் அல்லாமல் வண்டிக் கணக்கில் நாள் வாடகை பேசுவதால், செலவை நால்வரும் பகிர்ந்துகொள்ளலாம். தனியாகச் செல்பவருக்கு இதே பயணம் கூடுதலாகச் செலவாகும்.

பேங்காக்கிலிருந்து நேராக ஆரஞ்ஞபிரதேட் வழியாகக் கம்போடியா போவதே பழைய வழக்கம். 2025இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் மூண்ட மோதலால் அந்தத் தரைவழி எல்லை வாயில்கள் மூடப்பட்டன. எனவே இத்திட்டம் லாவோஸ் வழியாகச் செல்கிறது. புறப்படும் முன் நம் வெளியுறவு அமைச்சின் பயண அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

நாள்வாரியாகப் பயணம்

நாள் 1, 2: ஈடிஎஸ் ரயிலில் சுங்கை பட்டாணி. அங்கிருந்து மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகத்துக்குச் செல்லலாம். அதன் வளாகத்திலேயே புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கிறது. இரும்பு உருக்கிய தடயங்கள் கிடைத்த சுங்கை பத்துவும் இதே வட்டாரத்தில்தான். ராஜேந்திர சோழன் 1025இல் கடற்படை அனுப்பி வென்ற கடாரம் இப்பகுதியே என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து.

நாள் 3 முதல் 5 வரை: பாடாங் பெசார் நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். ஹட்யாய் வழியாக நக்கோன் சி தம்மராட் செல்ல வேண்டும். சோழர் கல்வெட்டு மாதமாலிங்கம் என்று குறிப்பிடும் தாம்பிரலிங்க நாடு இதுவே என்பர். இங்கு சிவனுக்கும் திருமாலுக்கும் சிறு பிராமணக் கோயில்கள் உள்ளன. தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது. தமிழ் வணிகர் இக்கரையில் குளம் வெட்டிக் குடியிருந்ததற்கு அது கல்லில் எழுதிய சான்று. ஐந்தாம் நாள் மாலை பேங்காக்குக்கு இரவு ரயில்.

நாள் 6 முதல் 8 வரை: பேங்காக். சீலோம் சாலையில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1879இல் தமிழர் கட்டியது. பெரிய ஊஞ்சல் கம்பத்தின் அருகில் 1784இல் எழுந்த தேவஸ்தான் என்ற அரசப் பிராமணர் கோயில் இருக்கிறது. இங்கு ஆண்டுதோறும் நடக்கும் 'திரியம்பாவாய்' விழாவின் பெயர் திருவெம்பாவையிலிருந்து வந்தது. விழாவில் ஓதப்படும் மந்திரங்களில் தேய்ந்துபோன தமிழ்ப் பாசுரங்களை ஆய்வாளர் அடையாளம் கண்டுள்ளனர். ஊஞ்சல் ஆடும் சடங்கு மட்டும் 1935உடன் நின்றுவிட்டது.

நாள் 9 முதல் 11 வரை: ரயிலில் நக்கோன் ராச்சசிமா. அங்கிருந்து பேருந்தில் பிமாய். இது கெமர் மன்னர் காலத்துப் பௌத்தக் கோயில். ஆனால் வாயில் மேற்கல்லில் ராமாயணக் காட்சிகளைக் காணலாம். பிறகு அதே ரயில் தடத்தில் உபோன்.

நாள் 12 முதல் 14 வரை: உபோனிலிருந்து பன்னாட்டுப் பேருந்தில் லாவோஸின் பக்சே, அங்கிருந்து சம்பாசக். இங்குள்ள வாட் பூ, மலைச்சரிவில் அமைந்த பழைய சிவன் கோயில். மலை உச்சி இயற்கையாகவே லிங்க வடிவில் நிற்பதால் அம்மலையை லிங்கபர்வதம் என்றனர். 2001இல் இது யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பதினான்காம் நாள் பக்சேயில் ஓய்வு. துணி துவைக்கவும் காலை நீட்டிப் படுக்கவும் ஒரு நாள் வேண்டும்.

நாள் 15 முதல் 18 வரை: முழுநாள் வேன் பயணத்தில் கம்போடியாவின் சியெம் ரீப், பிறகு மூன்று நாள் அங்கோர்.

நாள் 19, 20: நோம்பென். அங்குள்ள தேசிய அரும்பொருளகத்தில் கெமர் காலத்துச் சிலைகளை நிதானமாகப் பார்க்கலாம்.

நாள் 21, 22: பேருந்தில் ஹோ சி மின் நகரம். பென் தான் சந்தைக்கு அருகில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. இன்று அங்கு வந்து வணங்குவோரில் வியட்நாமியரே மிகுதி. பிறகு டானாங்குக்கு ரயில்.

நாள் 23 முதல் 26 வரை: டானாங். 1919இல் திறக்கப்பட்ட சாம் சிற்ப அரும்பொருளகம் நகருக்குள்ளேயே உள்ளது. சம்பா மன்னர்களின் சிவத்தலமான மீ சோனுக்கு ஒரு பகல் ஒதுக்க வேண்டும். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் இதன் தலைமைக் கோபுரம் இடிந்தது. இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கே சீரமைப்புப் பணி செய்தபோது, 2020இல் ஒன்பதாம் நூற்றாண்டு ஒற்றைக்கல் சிவலிங்கம் வெளிப்பட்டது. 26ஆம் நாள் டானாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம்.

ஒருவருக்கான செலவுக் கணக்கு

கீழே உள்ளவை திட்டமிடுவதற்கான தொகைகள். கட்டணமும் நாணய மாற்று விகிதமும் மாறக்கூடியவை.

தங்கும் அறை (23 இரவு, இருவருக்கு ஓர் அறை, தலைக்கு 35 வெள்ளி): 805
சாப்பாடு (26 நாள், நாளுக்கு 30): 780
ஊர் விட்டு ஊர் செல்லும் ரயில், பேருந்து, வேன்: 750
உள்ளூர்ப் போக்குவரத்து: 310
நுழைவுக் கட்டணங்கள்: 450
திரும்பும் விமானம்: 350
பயணக் காப்புறுதி, கைப்பேசி சிம்: 200
அவசரக் கையிருப்பு: 555
மொத்தம்: 4,200 வெள்ளி

25 இரவுகளில் இரண்டு ரயிலிலேயே கழிவதால் அந்த இரண்டு நாள் அறை வாடகை மிச்சம். ஆனால் முதியவர்களுக்கு ரயிலில் கீழ்ப்படுக்கைதான் எடுக்க வேண்டும். மேல்படுக்கை விலை குறைவு என்றாலும் ஏணி ஏறி இறங்குவது சிரமம். கீழ்ப்படுக்கைகள் முதலில் தீர்ந்துவிடும் என்பதால் சில வாரங்களுக்கு முன்பே பதிந்துவிடுவது நல்லது.

எந்தத் தொகையைக் குறைத்தாலும் காப்புறுதியிலும் அவசரக் கையிருப்பிலும் கை வைக்கக்கூடாது. கம்பத்தில் கால் சுளுக்கி ஒரு நாள் மருத்துவமனையில் இருந்தால்கூட, சாப்பாட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

பணம் சேர்க்கும் வழி

4,200 வெள்ளி என்பது 24 மாதங்களுக்கு மாதம் 175 வெள்ளி. தனி வங்கிக் கணக்கில் போட்டு வருவது பாதுகாப்பானது. தோட்டங்களில் வழக்கமாக இருந்த கூட்டு பிடிக்கும் முறையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடை செய்துள்ளது; பணம் போனால் கேட்க வழியில்லை. கடன் வாங்கியோ, ஊழியர் சேமநிதியில் முதுமைக்கு வைத்ததைக் கரைத்தோ போக வேண்டிய பயணமும் இதுவல்ல. இரண்டு ஆண்டு காத்திருந்தால் போதும்.

ஆவணங்கள்

தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளிலும் மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் விசா இல்லாமல் 30 நாள் வரை சுற்றுலாவாகத் தங்கலாம். இதுவே நமக்குக் கிடைத்த பெரிய சேமிப்பு. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். அதன் கட்டணம் 200 வெள்ளி. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 100 வெள்ளி. இது மேற்கண்ட கணக்கில் சேராது.

குடும்பத்தில் சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர் இருந்தால் இந்த விசாச் சலுகை அவருக்குப் பொருந்தாது. டிக்கெட் எடுக்கும் முன்பே குடிநுழைவுத் துறையில் விசாரிக்க வேண்டும். வரி பாக்கி போன்ற காரணங்களால் பயணத் தடை உள்ளதா என்பதையும் அத்துறையின் இணையச் சேவையில் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு பார்க்கலாம்.

தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே முதல் மின்னியல் வருகை அட்டை கட்டாயம். அது இலவசம். பணம் கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் அது அரசுத் தளமன்று.

எப்போது புறப்படலாம்

பிப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை ஏற்ற காலம். தென் தாய்லாந்தின் கிழக்குக் கரையில் ஆண்டு இறுதியில் அடைமழை. நடு வியட்நாமில் அக்டோபர், நவம்பரில் வெள்ளம் வரும். ஏப்ரல் நடுவில் தாய்லாந்திலும் லாவோஸிலும் கம்போடியாவிலும் புத்தாண்டு. வண்டிகளில் இடம் கிடைக்காது, வெயிலும் கொளுத்தும். வியட்நாமின் டெட் விழா நம் நாட்டில் சீனப் புத்தாண்டு கொண்டாடும் அதே வேளையில் வருகிறது. அந்த வாரத்தில் அங்கே இருக்காதபடி தேதியை வகுக்க வேண்டும்.

அங்கோரில் கவனிக்க வேண்டியவை

அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 அமெரிக்க டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விட்டுவிட்டும் பயன்படுத்தலாம். இந்தப் பயணத்தில் மிகப் பெரிய நுழைவுச் செலவு இதுதான். அதைக் குறைக்க ஒரே நாளில் ஓடி முடிப்பது வீண். பெரும் செலவு செய்து அவ்வளவு தூரம் போவதே இதைப் பார்க்கத்தான்.

அங்கோர் வாட்டைத் தமிழ் மன்னன் கட்டினான் என்று கைப்பேசியில் அடிக்கடி செய்தி பரவுகிறது. அது சரியன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த கோயில் அது. அங்குள்ள கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் உள்ளன. உண்மையான உறவு வேறு இடங்களில் தெரிகிறது. கெமர், தாய், லாவோ, சாம் எழுத்துகளின் மூலம் பல்லவர் எழுத்து. கம்போஜ மன்னன் ராஜேந்திர சோழனின் நட்பை நாடித் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 967இல் குடமுழுக்கான பந்தே ஸ்ரேய் கோயிலில், ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாகக் காரைக்கால் அம்மையார் அமர்ந்திருக்கிறார். நகரிலிருந்து தொலைவு என்பதால் துக்துக்குக்குக் கூடுதல் வாடகை ஆகும். தமிழர் அந்தச் செலவைத் தவிர்க்க வேண்டாம்.

கையோடு இருக்க வேண்டியவை

மலிவுக் கட்டண விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோதான் வரம்பு. அதற்குள் அடக்கினால் பெட்டிக் கட்டணம் இல்லை. நான்கு உடை போதும். கோயில்களில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்பதால் ஒரு கைலி அல்லது துண்டு உதவும்.

இனிப்புநீர், இரத்த அழுத்த மருந்துகளை 26 நாளுக்கு மேலும் ஒரு வாரத்துக்குச் சேர்த்து, மருத்துவரின் சீட்டோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

தாய்லாந்தில் ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கும். அங்கு பல கடைகளில் நம் வங்கிச் செயலியின் டூயிட்நவ் கியூஆர் செல்லுபடியாகும். கம்போடியாவில் டாலர் புழங்குகிறது. ஆனால் கிழிந்த, கறைபட்ட தாளை வாங்கமாட்டார்கள்.

சைவம் சாப்பிடுவோர் தாய்லாந்தில் 'ஜே' என்றும் வியட்நாமில் 'சாய்' என்றும் கேட்கலாம். மற்ற கடைகளில் காய்கறிப் பிரட்டலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

26 நாள் விடுப்பு கிடைக்காதவர்கள் இவ்வழியை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் ஆண்டு பேங்காக் வரை ஒன்பது நாள். மறு ஆண்டு பேங்காக்கிலிருந்து டானாங் வரை. விமானச் செலவு கூடும். ஆனால் தேசிய அரும்பொருளகங்களை வேகவேகமாகக் கடந்து ஓடுவதைவிட அது மேல். எந்த ஊரையும் ஒரே இரவில் விடாமல், முடிந்தவரை இரண்டு இரவாவது தங்குவது உடம்புக்கும் பைக்கும் நல்லது.