கோப்பின் முகவரியில் ஒரு கோடிட்ட இடம்



2022/2023-ஆம் பள்ளித் தவணை முடிந்த சமயத்தில் ஒரு தாயார் என்னைக் காண வந்தார். மகனை வேறு பள்ளிக்கு மாற்றுவதற்காக அவனுடைய அடைவுநிலை அறிக்கையைக் கேட்டிருந்தார். அச்சிட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், “டீச்சர், பையன் இந்த வருசம் அஞ்சாம் ஆண்டு. இதுல நாலாம் ஆண்டுன்னு போட்டிருக்கே?” என்றார்.

தவறு என்னுடையதே. வகுப்பாசிரியர்களின் அறிக்கைக் கோப்புகளைப் பொதுக் கணினியிலிருந்து சேமிப்புக் கோப்புறைக்கு நகலெடுக்க நானே ஒரு சிறிய கட்டளைக் கோப்பை எழுதியிருந்தேன். இருமுறை சொடுக்கினால் போதும், எல்லாம் தானாக நகரும். அதில் நான் எழுதி வைத்திருந்த பாதை இது:

சி:\அறிக்கைகள்\2021\வள்ளுவர்

புதிய தவணை பிறந்தது. புதிய கோப்புறையும் பிறந்தது. கட்டளையில் இருந்த 2021 மட்டும் அப்படியே இருந்தது. கணினி சொன்னதைச் செய்தது. பழைய அறிக்கைகளை மறுபடியும் நகலெடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று அறிவித்தது. அதை நம்பிப் பொதுக் கணினியைத் துடைத்துச் சீரமைத்துவிட்டோம். மதிப்பெண்களைப் பதிவேட்டிலிருந்து மீட்க முடிந்தது. ஆனால், 31 மாணவர்களைப் பற்றி ஓராண்டு முழுவதும் கவனித்து எழுதிய ஆசிரியர் குறிப்புரைகள் மீளவில்லை.

அந்த வருத்தத்தில்தான் இந்தப் ‘பாதை’ என்பது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றைத் தங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கோப்புறைக்குள் கோப்புறை

கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் முறை இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. அதற்கும் ஒரு தொடக்கம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், பெல் ஆய்வகம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து ‘மல்டிக்ஸ்’ என்னும் இயங்குதளத்தை உருவாக்க முனைந்தன. அதன் கோப்பு அமைப்பை விளக்கி ராபர்ட் டேலி, பீட்டர் நியூமன் ஆகிய இருவரும் 1965-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வேரிலிருந்து கிளைகள் பிரிவதுபோல் கோப்புறைகள் பிரியும். வேரிலிருந்து கிளை வழியே நடந்தால் எந்தக் கோப்பையும் அடையலாம். அவ்வாறு நடக்கும் வழியே பாதை.

பின்னர் பெல் ஆய்வகம் அத்திட்டத்திலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969-இல் ‘யூனிக்ஸ்’ தளத்தைத் தொடங்கினர். மரம் போன்ற அதே அமைப்பை எடுத்துக்கொண்டு, பாதையின் படிகளைப் பிரிக்கச் சாய்கோட்டைப் பயன்படுத்தினர். நாம் இணைய முகவரிகளில் காணும் சாய்கோடு அந்த மரபில் வந்ததே.

பெயர் பெற்ற வெற்றிடம்

கோப்புக்கு முகவரி கிடைத்துவிட்டது. ஆனால், ஒவ்வொரு கட்டளையிலும் முழு முகவரியை எழுத வேண்டியிருந்தது. தாம்சன் எழுதிய தொடக்ககாலக் கட்டளை மொழியில், பயனர் கொடுக்கும் சொற்களை முதலாவது, இரண்டாவது என எண்ணால் அழைக்க முடிந்ததே தவிர, அவற்றுக்குப் பெயரிட முடியவில்லை. 1970-களின் நடுவில் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் மேஷி, எளிய மாறிகளை அதில் சேர்த்தார். 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீவன் போர்ன் எழுதிய புதிய கட்டளை மொழி வெளிவந்தது. விரும்பிய பெயரில் மாறி அமைக்கலாம். அதை வேறு நிரல்களுக்கும் கைமாற்றலாம் என்ற வசதி அப்பதிப்பில் நிலைபெற்றது. ‘இல்லம்’ என்று பொருள்படும் ஹோம் என்ற மாறி அவற்றுள் புகழ்பெற்றது. யார் கணினியில் அமர்ந்தாலும் அவரவர் கோப்புறையை அது சுட்டும்.

நம் வகுப்பறை மொழியில் சொன்னால், மாறி என்பது கோடிட்ட இடம். வாக்கியம் ஒன்றே, நிரப்பும் சொல் மட்டும் ஆளுக்கு ஆள், ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும்.

சாய்கோடு திரும்பிய கதை

1981-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினியோடு டாஸ் இயங்குதளம் வெளிவந்தது. முதல் பதிப்பில் கோப்புறைகளே இல்லை. நெகிழ்வட்டில் அடங்கும் சில கோப்புகளுக்கு ஒரே பட்டியல் போதுமானதாக இருந்தது. 1983-இல் 10 மெகாபைட் வன்தட்டு கொண்ட கணினி வந்தபோது கோப்புறைகள் தேவைப்பட்டன. டாஸின் இரண்டாம் பதிப்பு அவற்றைக் கொடுத்தது. ஆனால், கட்டளையின் விருப்பத்தேர்வுகளைக் குறிக்கச் சாய்கோட்டை முதல் பதிப்பிலேயே பயன்படுத்திவிட்டார்கள். எனவே பாதைக்குப் பின்சாய்கோடு வந்து சேர்ந்தது. மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் ‘செட்’ கட்டளையும் இரண்டாம் பதிப்பில்தான் அறிமுகமானது. டாஸ், விண்டோஸ் கட்டளைக் கோப்புகளில் மாறியின் பெயரை இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே எழுதுகிறோம்.

இந்தப் பழங்கதை இன்றும் நம் பள்ளியைத் தொடுகிறது. ‘2022/2023’ என்று ஒரு கோப்புறைக்குப் பெயரிட்டுப் பாருங்கள், விண்டோஸ் மறுத்துவிடும். பாதைக்கு உரிய குறி பெயருக்குள் வரக்கூடாது. ‘2022-2023’ என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும்.

இல்லம் இடம் மாறியபோது

1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95, நீண்ட பெயர்களுக்கும் பெயருக்குள் இடைவெளிக்கும் வழிவிட்டது. அதனால் பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டிய புதிய கட்டாயமும் வந்தது. மேற்கோள் குறி இல்லாவிடில், ஒரு பாதையைக் கணினி இரண்டாக வெட்டிப் படித்துவிடும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பயனரின் கோப்புகள் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற கோப்புறையில் இருந்தன. அதே விண்டோஸின் ஜெர்மன் பதிப்பில் அந்தக் கோப்புறைக்கு ஜெர்மன் பெயர். 2007-இல் பொதுமக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்தாவில் அது ‘யூசர்ஸ்’ என்று மாறியது. பழைய முகவரியை முழுமையாக எழுதி வைத்திருந்த நிரல்கள் தடுமாறாமலிருக்க, பழைய பெயரில் ஒரு வழிகாட்டிப் பலகையை மைக்ரோசாப்ட் நட்டு வைத்தது. ‘யூசர்புரொஃபைல்’ என்ற மாறியைப் பயன்படுத்தியவர்களுக்கோ இந்தக் கவலையே எழவில்லை. வீடு எங்கே போனாலும் அம்மாறி அதனைத் தொடர்ந்து சென்றது.

கோடிட்ட இடம் வெறுமையானால்?

மாறியைப் பயன்படுத்தினால் எல்லாம் நலமே என்று முடித்துவிட முடியாது. லினக்ஸ் கணினிகளுக்கான ‘ஸ்டீம்’ விளையாட்டு மென்பொருளில் 2015 ஜனவரியில் ஒரு பிழை வெளிச்சத்துக்கு வந்தது. தன் கோப்புறை இருக்கும் பாதையை அது ஒரு மாறியில் வைத்திருந்தது. அந்தப் பாதைக்குக் கீழே உள்ளவற்றை அழிக்கும்படி ஒரு வரி இருந்தது. பயனர் ஒருவர் கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மென்பொருளை இயக்கினார். மாறி வெறுமையாயிற்று. கோடிட்ட இடம் காலியானதும் எஞ்சியது சாய்கோடு மட்டுமே. யூனிக்ஸ் மரபில் தனிச் சாய்கோடு என்றால் வேர். மரம் முழுவதிலும் அழிப்பு வேலை தொடங்கி, அவருடைய சொந்தக் கோப்புகள் அழிந்தன. அந்த வரியின் அருகிலேயே ‘அச்சமூட்டுகிறது’ என்ற பொருளில் நிரலர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அஞ்சியவர் மாறியைச் சோதிக்கவில்லை.

நான் மாற்றி எழுதியது

இந்த வரலாற்றைப் படித்த பின் என் கட்டளைக் கோப்பைத் திருத்தினேன். முதல் வரிகளில் மாறுபவற்றை மட்டும் வைத்தேன்: தவணை, வகுப்பு, சேமிப்பிடம். பாதை இப்போது இப்படி நிற்கிறது:

“சி:\அறிக்கைகள்\%தவணை%\%வகுப்பு%”

கணினியின் தேதியிலிருந்து ஆண்டைத் தானாகப் பிரித்தெடுக்கலாமே என்று முதலில் எண்ணினேன். விண்டோஸின் தேதி வடிவம் வட்டார அமைப்புக்கு ஏற்ப மாறுகிறது. ஒரு கணினியில் நாள் முன்னே நிற்கும். இன்னொன்றில் மாதம் முன்னே நிற்கும். போதாக்குறைக்கு இடையில் சாய்கோடு வேறு. ஆகவே தவணையைக் கையால் எழுதுகிறேன். கோப்பின் பெயரில் தேதி வேண்டுமானால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுகிறேன். 1988-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8601 தரம் வகுத்த வரிசை அது. அப்படி எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாக அமையும்.

அடுத்து மூன்று சோதனைகள். மாறிகளுள் ஏதேனும் வெறுமையாக இருந்தால், நின்றுவிடு. அந்தப் பாதையில் கோப்புறை இல்லையென்றால், நின்றுவிடு. நகலெடுக்கும் முன் முழுப் பாதையையும் திரையில் காட்டி, என் ஒப்புதலுக்குக் காத்திரு. என்னைக் காப்பாற்றியிருக்கக் கூடியது அந்த மூன்றாவது சோதனைதான். 2021 என்ற பாதை வெறுமையாகவும் இல்லை, இல்லாததாகவும் இல்லை. அது தவறான ஆண்டு என்பது கணினிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

நகல் சரியாக இருக்கிறதா என்று மூன்று கோப்புகளையாவது திறந்து பார்க்காமல் மூலத்தை அழிப்பதில்லை என்பதும் இப்போது எங்கள் வழக்கம்.

அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். மாணவனின் வகுப்பாசிரியர் அன்று மாலை பள்ளியிலேயே அமர்ந்து, நினைவிலிருந்தவற்றைக் கொண்டு குறிப்புரையைப் புதிதாக எழுதிக் கொடுத்தார். எஞ்சிய 30 பேருக்கும் ஒவ்வொருவராக எழுதி முடிக்க அவருக்கு இரண்டு வாரங்கள் ஆயின. தங்கள் பள்ளியிலும் இத்தகைய கட்டளைக் கோப்பு ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால், இந்தத் தவணை முடிவதற்குள் ஒருமுறை திறந்து, அதில் எந்த ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.