திறக்காத வாயிலுக்கு வழி சொன்னவர்கள்: கோல்ஃப் மைதான வழிகாட்டி நூல்களும் மூடிய கிளப்புகளும் (1887–2021)

முன்னுரை

பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. வள்ளலின் வாயில் அவனுக்கும் திறக்கும் என்ற உறுதி அந்த இலக்கிய வகையின் அடித்தளம். கோல்ஃப் மைதானங்களுக்கான வழிகாட்டி நூல்களும் இதே உறுதியுடன்தான் பிரிட்டனில் பிறந்தன. நூறாண்டுக்குள் அவற்றில் பெரும்புகழ் பெற்ற பக்கங்கள், படிப்பவருக்கு ஒருநாளும் திறக்காத வாயில்களைப் பற்றியவையாக மாறின. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது, மூடிய கிளப்புகளின் கவர்ச்சியை வளர்த்ததில் இந்நூல்களின் பங்கு என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொதுவெளியிலிருந்து வேலிக்குள்

ஸ்காட்லாந்தின் கடற்கரையோர மணல் நிலமே லிங்க்ஸ். உழவுக்கு உதவாத அந்நிலத்தின் பெரும்பகுதி ஊர்ப் பொதுவாக இருந்தது. ஆடு மேய்ந்தது, துணி உலர்ந்தது, கோல்ஃபும் நடந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானம் இன்றும் பொது மைதானமே. உலகப் புகழ்பெற்ற ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் அதன் ஓரத்தில் கட்டடம் வைத்திருக்கிறதே தவிர, அந்நிலம் அதற்குச் சொந்தமில்லை.

எடின்பரோ கோல்ஃபர்களின் மாண்புமிகு குழு சென்ற பாதை வேறு. 1744இல் லீத் பொதுவெளியில் ஆடியபோது எழுத்து வடிவில் கிடைக்கும் மிகப் பழைய 13 விதிகளை வகுத்தது இக்குழுதான். 1836இல் அது மசல்பரோவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கும் பொதுமக்களுடனும் பிற கிளப்புகளுடனும் இடத்தைப் பகிர வேண்டியிருந்தது, நெரிசல் பெருகியது. 1891இல் மியூர்ஃபீல்டில் தனக்கென ஒரு மைதானத்தை அமைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ஓப்பன் சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. இரண்டே இடப்பெயர்ச்சிகளில் ஊர்ப் பொது ஆட்டம் வேலிக்குள் போய்விட்டது.

ரயில் கால நூல்கள்

1848 வாக்கில் வந்த கட்டாபெர்ச்சா பந்து, இறகு அடைத்த பழைய தோல் பந்தைவிட மிக மலிவானது. அதே நூற்றாண்டில் ரயில் பாதைகள் கடற்கரை ஊர்களை நகரங்களோடு இணைத்தன. லண்டன் வக்கீலும் வணிகரும் விடுமுறைக்குக் கோல்ஃப் மட்டைகளோடு கிளம்பினர். அவர்களுக்குத் தகவல் தேவைப்பட்டது. 1887இல் தொடங்கிய ‘கோல்ஃபிங் ஆன்யுவல்’ என்ற ஆண்டுமலர் கிளப்புகளின் பெயர், செயலாளர், சந்தா, மைதான விவரம் எனத் தொகுத்துத் தந்தது. 1897இல் ஹோரஸ் ஹட்சின்சன் தொகுத்த ‘பிரிட்டிஷ் கோல்ஃப் லிங்க்ஸ்’ புகைப்படங்களுடன் வெளிவந்தது. அவர் 1886, 1887 ஆண்டுகளில் அமெச்சூர் சாம்பியன்.

இந்த வரிசையின் உச்சம் 1910இல் வந்த ‘த கோல்ஃப் கோர்சஸ் ஆஃப் த பிரிட்டிஷ் ஐல்ஸ்’. எழுதியவர் பெர்னார்ட் டார்வின். சார்லஸ் டார்வினின் பேரன், வக்கீல் தொழிலை விட்டு ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கோல்ஃப் எழுத வந்தவர். ஓவியங்கள் ஹாரி ரவுன்ட்ரீ வரைந்தவை. நூல் பகுதி பகுதியாக நகர்கிறது: லண்டனைச் சுற்றிய மைதானங்கள், கென்ட், சசெக்ஸ், கிழக்கு ஆங்லியா, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ். தகவல் ஏட்டை இலக்கியமாக்கியது டார்வினின் சாதனை. ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு குணமுண்டு, அது மனிதரின் குணம்போல் எழுதத் தகுந்தது என்பதை அவர் நிறுவினார்.

அன்றைய பிரிட்டிஷ் கிளப் அனைவருக்கும் திறந்திருந்தது என்று சொல்ல முடியாது. பெண்கள் பெரும்பாலும் தனிக் கிளப், தனி மைதானம் என ஒதுக்கப்பட்டனர். அவர்கள் 1893இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். உழைப்பாளிகள் சில ஊர்களில் துணைக் கிளப்புகளில் சேர்ந்தனர். அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் மட்டுமே ஆடலாம், பல இடங்களில் அதற்கு ஈடாக மைதானப் பராமரிப்பு வேலையும் செய்ய வேண்டும். ஆயினும் வெளியூரிலிருந்து வரும் நடுத்தர வர்க்கத்து ஆண், கட்டணமும் தக்க அறிமுகமும் இருந்தால் பெரும்பாலான மைதானங்களில் ஒருநாள் ஆடிவிட முடிந்தது. மியூர்ஃபீல்டில்கூட இன்றும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் விருந்தினர் ஆடலாம். ஆகவே டார்வினின் வாசகருக்கு அந்நூல் ஒரு பயணத் திட்டம். ஆற்றுப்படை அங்கே பொய்க்கவில்லை.

அமெரிக்காவில் எழுந்த மதில்

1882இல் பாஸ்டன் அருகே புரூக்லைனில் ‘த கன்ட்ரி கிளப்’ தோன்றியது. குதிரைச் சவாரிக்கும் விருந்துக்கும் கூடிய செல்வர்களின் அந்த அமைப்புக்குள் கோல்ஃப் பின்னரே வந்தது. இந்த வரிசைமுறை முக்கியமானது. ஸ்காட்லாந்தில் ஆட்டம் முந்தியது, கிளப் பிந்தியது. அமெரிக்காவில் கிளப் முந்திக்கொண்டது. யார் உறுப்பினர் என்ற கேள்வி அங்கே தொடக்கத்திலேயே ஆட்டத்தோடு பிணைந்துவிட்டது. யூதர்களைப் பல கிளப்புகள் சேர்க்க மறுத்ததால் அவர்கள் தங்களுக்கெனக் கிளப்புகள் அமைத்தனர். 1920இல் லாஸ் ஏஞ்சலிஸில் உருவான ஹில்கிரெஸ்ட் அவற்றில் ஒன்று. தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கமான பிஜிஏ, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1961 வரை வைத்திருந்தது.

மூடிய கிளப்பின் முழு வடிவம் நியூ ஜெர்சியின் பைன் வேலி. ஹோட்டல் உரிமையாளர் ஜார்ஜ் கிரம்ப் 1913இல் பைன் மரக் காட்டு மணலில் அதைத் தொடங்கினார். நான்கு குழிகள் முடியாமலிருந்தபோதே 1918இல் இறந்தார். 1929இல் அந்தக் கிளப் இருந்த நிலம் தனி நகராட்சியாகவே ஆனது. மேயரும் காவல்துறையும் கொண்ட அந்தக் கிளப் ஊர் 2022இல்தான் பக்கத்து ஊரான பைன் ஹில்லோடு இணைக்கப்பட்டது. உறுப்பினர் அழைக்காமல் அங்கே யாரும் ஆட முடியாது.

அதே அமெரிக்காவில் 1936 முதல் முப்பது ஆண்டுகள் வேறொரு வழிகாட்டி நூலும் வெளிவந்தது. விக்டர் கிரீன் வெளியிட்ட ‘கிரீன் புக்’, கறுப்பினப் பயணிகளை எந்த விடுதி, எந்த உணவகம் ஏற்கும் என்று பட்டியலிட்டது. ஒருவருக்கு உணவும் உறக்கமும் எங்கே கிடைக்கும் என்று சொல்லவே ஒரு நூல் தேவைப்பட்ட காலத்தில்தான் பெரிய கோல்ஃப் கிளப்புகளின் மதில்கள் மிக உயர்ந்து நின்றன.

பட்டியலின் காலம்

1964இல் கோல்ஃப் எழுத்தாளர் ஹெர்பர்ட் வாரன் விண்ட், வடக்கு ஸ்காட்லாந்தின் ராயல் டார்னக் பற்றி ‘நியூ யார்க்கர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை அமெரிக்கர் பெரும்பாலும் அறியாத அந்தத் தொலைதூர மைதானத்தை அவர்கள் தேடிப் போகத் தொடங்கினர். எழுத்து ஆட்களை நகர்த்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் 1966இல் ‘கோல்ஃப் டைஜஸ்ட்’ இதழ் வெளியிட்ட 200 மைதானங்களின் பட்டியல் இன்னொரு பாதையைத் திறந்தது. முதலில் கடினமே அளவுகோல். பின்னர் அது ‘100 மிகச் சிறந்தவை’ ஆயிற்று. 1979இல் ‘கோல்ஃப் மேகசின்’ உலகப் பட்டியல் வெளியிட்டது. அமெரிக்கப் பட்டியல்களின் முதலிடத்தில் மிகப் பல ஆண்டுகள் இருந்தது பைன் வேலி.

விளைவை எண்ணிப் பார்க்கலாம். தொடர் போட்டிகளை நடத்தாத, தொலைக்காட்சியில் அரிதாகவே தோன்றிய ஒரு மைதானம் நாடெங்கும் புகழ்பெற்றது. காரணம் அச்சில் வந்த எண். யாருக்கும் தெரியாத மூடிய வாயில் வெறும் சுவர். ஊரறிந்த பின்புதான் அதற்கு விலை வருகிறது. கிளப் விளம்பரம் செய்யவில்லை, செய்யவும் தேவையில்லை. அந்த வேலையைப் பட்டியல் இலவசமாகச் செய்தது. மதிப்பெண் போடும் நடுவர் குழுவினருக்கு மற்றவருக்குத் திறக்காத கதவுகள் திறந்தன. ஆகவே நடுவர் பதவியே விரும்பத்தக்க ஒன்றாகிவிட்டது.

டோக்கின் அந்தரங்க வழிகாட்டி

இந்தப் போக்கை உள்ளிருந்தே குலைத்தவர் மைதான வடிவமைப்பாளர் டாம் டோக். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து, உதவித்தொகையில் பிரிட்டிஷ் மைதானங்களைச் சுற்றி, செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆட்டக்காரரின் மட்டைப் பை சுமக்கும் உதவியாளராகவும் இருந்தவர். ‘கோல்ஃப் மேகசின்’ பட்டியலைத் தொகுக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. தாம் கண்ட மைதானங்களைப் பற்றிய நேர்மையான குறிப்புகளை 1988இல் நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தார். 1994இல் அது சிறு பதிப்பாகவும் 1996இல் பொதுப் பதிப்பாகவும் வெளிவந்தது. பெயர் ‘த கான்ஃபிடென்ஷியல் கைட் டு கோல்ஃப் கோர்சஸ்’.

அதன் அளவுகோல் 0 முதல் 10 வரை. உலகின் சராசரி மைதானத்துக்கு 3. இயற்கைக்கு ஒவ்வாமல் செயற்கையாகச் சமைத்த, இருக்கவே வேண்டாத மைதானத்துக்கு 0. கட்டணமோ, உறுப்பினர் பட்டியலோ, கிளப் கட்டடத்தின் பளபளப்போ கணக்கில் வராது. நிலமும் அதில் குழிகளை அமைத்த அறிவும் மட்டுமே வரும். செல்வர் கிளப்புகள் குறைந்த எண் வாங்கின, பெயர் தெரியாத சிற்றூர் மைதானங்கள் உயர்ந்தன. ஆனாலும் நூலின் உச்ச எண்கள் பல மூடிய வாயில்களுக்கே சென்றன. நேர்மையான விமர்சனமும் ஏக்கத்தைத்தான் வளர்த்தது. தலைப்பிலிருந்த ‘அந்தரங்கம்’ என்ற சொல்லே வாசகரைக் கிளப்பின் உள்ளறைக்கு அழைத்துச் செல்வதுபோல் ஒலித்தது.

இதற்கு மாற்றை நூலைவிட நிலமே தந்தது. 1999இல் ஒரிகன் கடற்கரையில் தொழிலதிபர் மைக் கைசர் திறந்த பேண்டன் டியூன்ஸ் கட்டணம் செலுத்தும் எவருக்கும் உரியது. 2001இல் அங்கேயே டோக் வடிவமைத்த பசிஃபிக் டியூன்ஸ், பட்டியல்களின் மேல்வரிசைக்கு ஏறியது. உன்னத மைதானத்துக்கு மதில் தேவையில்லை என்பது செயலில் நிறுவப்பட்டது. கட்டணம் எளியவர் கைக்கு எட்டியதா என்பது வேறு கேள்வி.

வாயில்கள் அசைந்த விதம்

1990இல் அலபாமாவின் ஷோல் கிரீக் கிளப்பில் பிஜிஏ சாம்பியன்ஷிப் நடக்கவிருந்தது. கறுப்பினத்தவரைச் சேர்க்கும்படி யாரும் தங்களை வற்புறுத்த முடியாது என்று கிளப் நிறுவனர் சொன்னது பெரும் புயலைக் கிளப்பியது. விளம்பர நிறுவனங்கள் விலகின. இனபேதம் பார்க்கும் கிளப்பில் போட்டி நடக்காது என்று அமைப்புகள் விதி செய்தன. அதை ஏற்காத கலிபோர்னியாவின் சைப்ரஸ் பாயின்ட், 1947 முதல் தான் இடமளித்துவந்த போட்டியிலிருந்து வெளியேறியது. அகஸ்டா நேஷனல் கிளப் அதே ஆண்டில் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது. பெண்களைச் சேர்க்க 2012 வரை எடுத்துக்கொண்டது. ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் 2014இல் பெண்களை ஏற்றது. 2016இல் மியூர்ஃபீல்ட் வாக்கெடுப்பில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் ஓப்பன் நடத்தும் வரிசையிலிருந்து அது நீக்கப்பட்டது. மறு ஆண்டு வாக்களிப்பில் முடிவு மாறியது. பைன் வேலி 2021இல் பெண்களுக்கு உறுப்பினர் உரிமை அளித்தது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றில் ஒன்று தெளிவாகிறது. வாயிலைத் திறக்க வைத்தவை விளம்பரதாரரின் பணமும், போட்டி அமைப்புகளின் விதியும், பொதுமக்களின் கோபமும். தரப்பட்டியல்கள் இக்காலம் முழுவதும் குழிகளின் அழகை எண்ணிக்கொண்டிருந்தன. அங்கே யார் ஆடலாம் என்பதற்கு மதிப்பெண் ஒதுக்கவில்லை. பைன் வேலியில் பெண் எவரும் உறுப்பினராக முடியாதிருந்த ஆண்டுகளிலும் அதன் முதலிடத்துக்கு அந்தக் காரணத்தால் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.