பாலும் கற்பூரமும் மரத்தூளும்

1938ஆம் ஆண்டில் அமெரிக்க வானொலியில் டேவ் எல்மன் என்பவர் நடத்திவந்த 'ஹாபி லாபி' நிகழ்ச்சியில், சாமானிய மக்கள் தம் ஓய்வு நேர ஈடுபாடுகளைப் பற்றி வந்து பேசுகிற வழக்கத்தை ஒட்டி, ஒரு பெண்மணி தாம் சேர்த்துவைத்திருந்த பழைய பொத்தான்களைப் பற்றிப் பேசினார். அதே ஆண்டிலேயே அந்நாட்டின் தேசியப் பொத்தான் சங்கமும் தோன்றிவிட்டது. பொருளாதார மந்தத்தால் குடும்பங்கள் நொடித்துப்போயிருந்த அக்காலத்தில், விலை கொடுத்து நாணயங்களையோ ஓவியங்களையோ வாங்கச் சக்தியற்றவர்களின் வீடுகளிலும் பாட்டி காலந்தொட்டுக் கிடக்கும் ஒரு தகர டப்பா இருந்தது. உடுப்பு நைந்து கந்தையாகப் போகுமுன் அதன் பொத்தான்களை அறுத்தெடுத்து அந்த டப்பாவில் போட்டுவைப்பது, சிக்கனம் அறிந்த இல்லத்தரசிகளின் நெடுநாள் வழக்கம். சரித்திரத்தைக் காப்பாற்றவேண்டும் என்ற எண்ணம் லவலேசமும் இல்லாமல், அடுத்த சட்டைக்கு உதவுமே என்ற ஒரே நோக்கத்தோடு சேர்ந்த அந்தக் குவியல்களில்தான், அருங்காட்சியகங்கள் பொருட்படுத்தாது விட்ட ஒரு தொழில் யுகத்தின் சாட்சியங்கள் அழியாமல் தங்கின.

இதற்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்கச் சிறுமிகள் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத பொத்தான்களைத் தோழியரிடமும் உறவினரிடமும் கேட்டு வாங்கி நூலில் கோத்துவந்தார்கள். 999 பொத்தான்கள் சேர்ந்தபின் ஆயிரமாவதைக் கொண்டுவருபவனே வரனாக வாய்ப்பான் என்றொரு நம்பிக்கையும் அவர்களிடையே உலவியது.

வெள்ளி, பீங்கான், முத்துச்சிப்பி ஆகியவற்றால் ஆன பொத்தான்களின் அருமையை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பார்த்த மாத்திரத்தில் அது கண்ணுக்குத் தெரியும். மரத்தாலும் ஆதிகாலப் பிளாஸ்டிக்காலும் ஆனவையே எடுத்துச் சொல்ல ஆள் வேண்டி நிற்பவை. நிலத்தடி எண்ணெயின் வாரிசாக இன்று நாம் அறிந்திருக்கும் பிளாஸ்டிக், தன் பால்ய தசையில் பருத்தியையும் கற்பூரத்தையும் பாலையும் மரத்தூளையும் நம்பி வளர்ந்தது என்பதையும், காட்டுக்கும் வயலுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் அது பட்ட கடன் எவ்வளவு என்பதையும், இந்தப் பொத்தான்களைப்போல் கையில் எடுத்துப் பார்க்கும்படி காட்டும் சாதனம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மரம் முதலில் மறைந்திருந்தே பணி செய்தது. இங்கிலாந்தில் செஷயர் மாகாணத்து மாக்கிள்ஸ்ஃபீல்டு நகரம் பட்டுப் பொத்தான்களுக்குப் பெயர்பெற்றது. கடைசல் பிடித்த சிறு மரவட்டின்மேல் பட்டுநூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, ஊசியால் பின்னி, நட்சத்திரமும் கட்டமுமாகக் கோலம் எழுப்புவார்கள். அவ்வூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெண்களும் குழந்தைகளும் வீட்டில் இருந்தபடியே செய்த வேலை இது. தையற்காரர்கள் சட்டைத் துணியின் துண்டையே மரவட்டின்மேல் போர்த்திச் சுலபமாகப் பொத்தான் செய்யத் தலைப்பட்டபோது பட்டுப் பொத்தான்காரர்களின் ஜீவனத்துக்கு ஆபத்து வந்தது. அவர்கள் முறையிட்டதன் பேரில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில், துணி போர்த்திய பொத்தானையும் துணியால் கட்டிய காஜாவையும் தடைசெய்து ஆங்கிலப் பாராளுமன்றம் சட்டத்தின்மேல் சட்டமாக இயற்றியது. ஒரு தேசத்தின் சட்டசபை காஜாவுக்காகக் கூடியது என்று கேட்டு இன்று வியக்கிறோம். ஆனால் அந்த மரவட்டை நம்பி அடுப்பு எரிந்த வீடுகளை நினைத்தால் வியப்பு அடங்கிவிடும்.

பிளாஸ்டிக்கின் பிரவேசமும் பொத்தானோடு சேர்ந்தே நிகழ்ந்தது. 1862ஆம் ஆண்டு லண்டன் சர்வதேசக் கண்காட்சியில் பர்மிங்ஹாம் நகரத்து அலெக்ஸாண்டர் பார்க்ஸ், தாம் கண்டுபிடித்த 'பார்க்ஸீன்' என்னும் வஸ்துவால் செய்த சீப்பு, கத்திப்பிடி முதலியவற்றோடு பொத்தான்களையும் வைத்து வெண்கலப் பதக்கம் பெற்றார். வியாபாரத்தில் அவருக்குக் கைகூடாதது, சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் ஆல்பனி நகரத்து ஜான் வெஸ்லி ஹயட்டுக்குக் கைகூடியது. பில்லியர்ட் பந்துகளுக்கு யானைத்தந்தம் போதாமல் மாற்றுப்பொருள் தேடியவர் அவர். நைட்ரிக் அமிலத்தில் பதப்பட்ட பருத்தி நாரோடு கற்பூரத்தைக் கலந்து, சூடும் அழுத்தமும் கொடுத்தால் வேண்டிய வடிவத்துக்கு இணங்கும் செல்லுலாய்ட் கிடைக்கும் என்று அவர் கண்டு, 1870இல் காப்புரிமையும் பெற்றார். தீபாராதனைத் தட்டில் நாம் ஏற்றும் அதே கற்பூரம்தான் இந்தப் புதுத் தொழிலின் உயிர்நாடி. கற்பூர மரங்கள் செழித்த ஃபார்மோசாத் தீவைத் தன் வசமாக்கிக்கொண்ட ஜப்பானிய அரசு, 1899இல் அங்கே கற்பூரத்தை அரசாங்க ஏகபோகமாக்கியதும், உலகமெங்கும் சீப்புக்கும் பொத்தானுக்கும் புகைப்படச் சுருளுக்கும் வேண்டிய மூலப்பொருள் ஒரு தீவின் காட்டைச் சார்ந்து நிற்கலாயிற்று. ரஸாயன நிபுணர்கள் தேவதாரு இனத்து மரங்களின் டர்பன்டைனிலிருந்து செயற்கைக் கற்பூரம் செய்ய முனைந்தது இதன் விளைவே.

அடுத்து வந்தது பால். 1890களின் இறுதியில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் க்ரிஷேயும் அடால்ஃப் ஷ்பிட்டலரும், பாலின் புரதமான கேஸீனை ஃபார்மால்டிஹைட் கெட்டிப்படுத்தும் என்பதை வைத்து 'காலலித்' என்னும் பொருளை உருவாக்கினார்கள். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயரின் ஸ்ட்ரவுட் ஊரில், பழைய கம்பளி ஆலையொன்றில், இதே இனப்பொருள் 'எரினாய்ட்' என்ற பெயரில் முதல் உலக யுத்த காலத்திலிருந்து உற்பத்தியாயிற்று. வெண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பாலைத் திரித்து, உலர்த்திப் பொடியாக்கி, அதில் அளவாக நீரும் சாயமும் சேர்த்துப் பிசைந்து, சூடான இயந்திரத்தின் வாய் வழியே கோல்களாகப் பிதுக்குவார்கள். அந்தக் கோல்களையோ அவற்றிலிருந்து சீவிய வில்லைகளையோ ஃபார்மால்டிஹைட் கரைசலில் ஊறப்போட்டால், கனத்துக்கு ஏற்ப வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஊறிய பிறகே உள்ளும் புறமும் இறுகும். அவசரத்துக்கு இணங்காத தொழில் இது. ஆனால் எந்தச் சாயத்தையும் ஏற்று, மெருகிட்டால் கொம்பையும் சலவைக்கல்லையும் ஒத்து ஒளிரும் குணத்தால், பொத்தான்காரர்களுக்கு அதைவிட உகந்த பொருள் நெடுநாள் வரை வாய்க்கவில்லை.

பேக்கலைட்டின் கதை அரக்கில் தொடங்குகிறது. மின்சாரக் கருவிகள் பெருகப் பெருக, இந்தியக் காடுகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்குக்கு எங்கும் கிராக்கி ஏற்பட்டது. அதற்கு மாற்றுத் தேடிய பெல்ஜியம் நாட்டவரான லியோ பேக்லாண்ட், நியூயார்க் மாகாணத்து யாங்கர்ஸ் நகரில் தம் வீட்டுப் பரிசோதனைச் சாலையில் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் கட்டுப்பாட்டோடு வினைபுரியச் செய்து, ஒருமுறை இறுகியபின் எந்தச் சூட்டுக்கும் உருகாத பொருளை 1907இல் அடைந்தார். முழுக்க முழுக்க மனித சிருஷ்டி என்று கொண்டாடப்பட்ட இந்தப் பிசினும் தனித்து நிற்கவில்லை; உடையாதிருக்க அதில் மரத்தூளைச் சேர்த்தே அச்சில் அழுத்தினார்கள். மாக்கிள்ஸ்ஃபீல்டில் பட்டின் அடியில் ஒளிந்திருந்த மரம், தூளாகி இங்கே மறுபடியும் பொத்தானின் உள்ளுடம்பாயிற்று. இவ்வகைப் பொத்தான்கள் கருப்பும் பழுப்புமாகவே அமைந்தன. 1927இல் காப்புரிமைகள் காலாவதியான பிறகு, காட்டலின் என்னும் நிறுவனம் மரத்தூள் கலவாத பிசினை அச்சுகளில் வார்த்து, நாள் கணக்கில் இளஞ்சூட்டில் வைத்து இறுக்கி, பல வர்ணக் கோல்களாக விற்றது. அக்கோல்களைச் சீவிச் செதுக்கியும், பழம், நாய்க்குட்டி, தொப்பி என்று வேடிக்கை வடிவங்களில் அறுத்தும் 1930களில் செய்த பொத்தான்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் போட்டியிட்டு வாங்குகிறார்கள். அதே காலத்தில் மரவில்லையின்மேல் பேக்கலைட் துண்டைப் பதித்த பொத்தான்களும் வந்தன. பழையதும் புதியதும் ஒன்றையொன்று மட்டம் தட்டாமல் அருகருகே அமர்ந்திருக்கும் அந்த ஜோடிகளே இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிரியமானவை.

இவற்றை இனம் பிரித்தறிய நாசியே சிறந்த கருவி. பொத்தானைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்தோ, வெந்நீரில் ஒரு கணம் காட்டியோ முகர்ந்தால், செல்லுலாய்டிலிருந்து கற்பூர மணம் எழும்; பேக்கலைட்டிலிருந்து ஃபார்மால்டிஹைடின் நெடி மூக்கில் ஏறும்; கேஸீனிலிருந்து பால் தீய்ந்தாற்போன்ற வாடை வரும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்ப்பாரும் உண்டு. அது பொத்தானுக்கு வடு, செல்லுலாய்டானால் பற்றி எரிந்து கைக்கும் கேடு. நிறத்தை நம்பியும் முடிவு செய்யலாகாது. வெள்ளையாக வார்த்த காட்டலின் காற்றும் வெளிச்சமும் பட்டு வருஷக்கணக்கில் தேன்நிறமாகிவிடும், நீலம் பச்சையாகும்; இன்று நாம் மெச்சும் அந்த நிறங்கள் செய்தவர் கருதியவை அல்ல, காலம் பூசியவை.

பாதுகாப்பும் வஸ்துவுக்கு வஸ்து வேறுபடும். கேஸீன் நீரை உறிஞ்சி உப்பி மேற்பரப்பு வெடிக்கும் ஆதலால் அதை ஊறவைத்துக் கழுவக்கூடாது. மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் பிளக்கும். செல்லுலாய்ட் முதுமையில் அமில ஆவியைக் கக்கத் தொடங்கினால், தான் சிதைவதோடு அருகிலுள்ள உலோகப் பொத்தான்களையும் துருவேறச் செய்யும். காற்றுப்புகாத பையில் அதை அடைத்துவைப்பதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை. தகர டப்பாவில் எல்லாம் கலந்து கிடந்த பழைய ஏற்பாட்டை மாற்றி, இனத்துக்கொரு அட்டையில் தைத்துக் காற்றாட வைப்பதே முறை.

அமெரிக்கச் சங்கத்தார் பொத்தான்களை 1918ஆம் ஆண்டை எல்லையாக வைத்துப் பழையவை, நவீனமானவை என்று பகுக்கிறார்கள். போட்டிகளுக்கு ஏதேனும் ஒரு கோடு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் மரமும் செல்லுலாய்டும் கேஸீனும் அந்தக் கோட்டின் இருபுறமும் தடையின்றி நடமாடியவை. ஆகையால் இப்பொத்தான்களை அட்டையில் அமைப்பவர், ஆண்டைப் பார்ப்பதற்கு முன் அது எதனால் ஆனது என்பதைப் பார்த்து, மரவட்டையும் செல்லுலாய்டையும் கேஸீனையும் மரத்தூள் சேர்ந்த பேக்கலைட்டையும் தனித்தனி அட்டைகளில் தைத்து ஒரே வரிசையில் அடுக்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.